ரீமேப் செய்த காருக்கு எந்த கிளட்ச்?

ஐந்தாவது கியர், 80 கிலோமீட்டர் வேகம். முன்னால் போகும் லாரியைத் தாண்ட ஆக்சிலரேட்டரை முழுசாக மிதிக்கிறீர்கள். ஆர்பிஎம் முள் 2000-இலிருந்து 3000-க்குத் தாவுகிறது, வேகமானி மட்டும் அசைய மறுக்கிறது. சில நொடிகளில் லேசான கருகல் வாசனை. பட்டறையில் இதை "கிளட்ச் ஸ்லிப் ஆகுது" என்பார்கள். டர்போ காரை ரீமேப் செய்தவர்களில், அதாவது எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றி டார்க்கைக் கூட்டியவர்களில், பலர் சில மாதங்களுக்குள் இந்த இடத்துக்கு வந்து சேருகிறார்கள்.

வந்ததும் கை நேராகக் கேட்லாக்கின் கடைசிப் பக்கத்துக்குப் போகும். ஸ்டேஜ் 3, ஆறு பக் (உராய்வுத் துண்டு) செராமிக், ரேஸ் கிளட்ச். அதை மாட்டினால் ஸ்லிப் நின்றுவிடும் என்பது உண்மைதான். கூடவே பெடல் கல்லாகும், ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி தவளை மாதிரி குதிக்கும், ரிவர்ஸ் எடுத்துப் பார்க் செய்வதே ஒரு வேலையாகிவிடும். சாலையில் ஓடும் காருக்கு வாங்க வேண்டியது கடையில் இருப்பதிலேயே பலமான கிளட்ச் அல்ல. உங்கள் எஞ்சினைத் தாங்கும் கிளட்ச்களில் எது மிக மென்மையானதோ, அது. அதைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் கணக்குப் போட்டாக வேண்டும்.

கிளட்ச்சுக்குள் என்ன நடக்கிறது

எஞ்சின் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் போல்ட் செய்யப்பட்டிருக்கிறது. அதன் மேல் பிரஷர் பிளேட். இரண்டுக்கும் நடுவே, கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்டில் கோர்த்த கிளட்ச் டிஸ்க். பிரஷர் பிளேட்டில் உள்ள டயஃப்ரம் ஸ்பிரிங் டிஸ்க்கை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கிறது. பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் அந்த ஸ்பிரிங்கின் விரல்களைத் தள்ளுகிறது, பிடி விடுகிறது. பல்சக்கரமோ பூட்டோ எதுவும் கிடையாது. எஞ்சினின் சக்தி முழுவதும் சக்கரத்துக்குப் போவது வெறும் உராய்வை நம்பித்தான்.

அந்த உராய்வு எவ்வளவு முறுக்குவிசையை, பட்டறை மொழியில் டார்க்கை, தாங்கும் என்பதை நான்கு எண்கள் தீர்மானிக்கின்றன: உராய்வுக் கெழு, அழுத்தும் விசை, டிஸ்க்கின் சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை. நான்கையும் பெருக்கினால் விடை வந்துவிடும்.

ஒரு கணக்கு. டிஸ்க்கின் வெளிவிட்டம் 228 மி.மீ., உராய்வுப் பகுதியின் உள்விட்டம் 150 மி.மீ. என்றால் சராசரி ஆரம் 94.5 மி.மீ., அதாவது 0.0945 மீட்டர். அழுத்தும் விசை 5000 நியூட்டன் என்று வைப்போம்; ஏறத்தாழ அரை டன் எடையை டிஸ்க் மேல் ஏற்றி வைத்ததற்குச் சமம். சாதாரண ஆர்கானிக் டிஸ்க்கின் உராய்வுக் கெழு சுமார் 0.3. ஒற்றை டிஸ்க்குக்கு இரண்டு முகங்கள். 0.3 × 5000 × 0.0945 × 2 = 283.5 நியூட்டன் மீட்டர்.

இந்தியாவில் விற்ற போலோ ஜிடி டிடிஐ போல 250 நியூட்டன் மீட்டர் தரும் எஞ்சினுக்கு இது போதும். 13 சதவீதம் உபரி இருக்கிறது. ரீமேப்பில் எஞ்சின் 330-ஐத் தொட்டால் அந்த உபரி காணாமல் போய், நாற்பத்தாறுக்கு மேல் துண்டு விழும். அந்தத் துண்டுதான் கருகல் வாசனையாக வருகிறது.

இந்தக் கணக்கில் குதிரைத்திறன் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். கிளட்ச்சுக்குத் தெரிந்ததெல்லாம் முறுக்குவிசை மட்டும். 100 கிலோவாட் சக்தியை 6000 ஆர்பிஎம்மில் தரும் பெட்ரோல் எஞ்சின் அந்த வேகத்தில் கொடுக்கும் முறுக்குவிசை 159 நியூட்டன் மீட்டர். அதே 100 கிலோவாட்டை 3000 ஆர்பிஎம்மில் தரும் டர்போ டீசலில் அது 318. ஆகவே டர்போ இல்லாத பெட்ரோல் காருக்கு ஏர் ஃபில்டரும் எக்ஸாஸ்டும் மாற்றியவர் கிளட்ச்சைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ரீமேப் செய்த டர்போ டீசல்காரர் கவலைப்பட்டே ஆகவேண்டும். ஸ்லிப் முதலில் தலைகாட்டுவதும் ரெட்லைன் அருகே அல்ல, டார்க் உச்சத்தில் இருக்கும் 1800 முதல் 2500 ஆர்பிஎம்முக்குள்தான்.

வாங்கும் முன் ஒரு சோதனை

ஸ்லிப் ஆகும் கிளட்ச் எல்லாம் பலம் போதாத கிளட்ச் அல்ல. காலியான நேரான சாலையில், டாப் கியரில், 1800 ஆர்பிஎம் அளவில் ஓட்டி ஒரே மிதியாக மிதித்துப் பாருங்கள். குறிப்பிட்ட கியரில் ஆர்பிஎம்முக்கும் வேகத்துக்கும் உள்ள விகிதம் மாறவே கூடாது. 2000 ஆர்பிஎம்மில் 80 போகும் வண்டி 2500-இல் 100 போக வேண்டும். முள் அதைவிட முந்தினால் ஸ்லிப்தான்.

ஒரிஜினல் மேப்பைத் திரும்பப் போட்டபிறகும் ஸ்லிப் ஆகிறதா? அப்படியானால் டிஸ்க் தேய்ந்திருக்கிறது, அல்லது எண்ணெய் பட்டிருக்கிறது. கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீலோ கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீலோ கசிந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டிஸ்க்கும் வழுக்கத்தான் செய்யும். பெடலில் ஃப்ரீ பிளே (மிதிக்கத் தொடங்கும்போது உள்ள வெற்று அசைவு) இருக்க வேண்டிய வண்டியில் அது இல்லாமல் போயிருந்தால் ரிலீஸ் பேரிங் எப்போதும் விரல்களைத் தள்ளிக்கொண்டே இருக்கும், பிடி முழுதாக விழாது. இவற்றைச் சரிபார்க்காமல் புதுக் கிளட்ச் வாங்குவது கூரை ஒழுகும் வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பது போலத்தான்.

எவ்வளவு தாங்க வேண்டும்?

எஞ்சினின் உச்ச டார்க்கோடு 20 முதல் 30 சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் சூடேறும்போது உராய்வுக் கெழு இறங்கும், டிஸ்க் தேயும், உபரி அதற்காகத்தான். நம் 330-க்கு 25 சதவீதம் கூட்டினால் சுமார் 412 நியூட்டன் மீட்டர். டைனோ (டார்க்கை அளக்கும் கருவி) சீட்டில் இருப்பது சக்கரத்தில் அளந்த எண்ணா, எஞ்சினுக்கு மாற்றிய எண்ணா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். முன்சக்கர ஓட்டக் காரில் இடையில் 10 முதல் 15 சதவீதம் வரை தொலைகிறது. சக்கரத்தில் 290 என்றால் எஞ்சினில் 330-ஐ ஒட்டி இருக்கும்.

கேட்லாக் பார்க்கும்போது இரண்டு பொறிகள். முதலாவது, "ஸ்டேஜ்" என்ற சொல். அதற்குப் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை. ஒரு கம்பெனியின் ஸ்டேஜ் 1 இன்னொன்றின் ஸ்டேஜ் 2-ஐவிட அதிகம் தாங்கலாம். டார்க் எண்ணைச் சொல்லாமல் ஸ்டேஜ் எண்ணை மட்டும் சொல்லும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். இரண்டாவது, அலகு. அமெரிக்கக் கம்பெனிகள் பவுண்டு அடியில் எழுதுகின்றன, அதை 1.356-ஆல் பெருக்கினால்தான் நியூட்டன் மீட்டர். 300 பவுண்டு அடி என்பது 407 நியூட்டன் மீட்டர். இது தெரியாமல் "300 தானே இருக்கு, பத்தாது" என்று ஒரு படி மேலே வாங்குபவர்கள் உண்டு.

412-ஐ எட்ட நான்கு வழிகள்

ஆரத்தைக் கூட்டுவது ஒன்று. அதே கியர்பாக்ஸ் கூட்டுக்குள் பெரிய டிஸ்க் அடங்கினால் அதைப்போல நல்ல வழி கிடையாது, பெரும்பாலும் அடங்காது.

முகங்களைக் கூட்டுவது இன்னொன்று. இரட்டை டிஸ்க் போட்டால் நான்கு முகங்கள், நம் கணக்கில் 283.5 அப்படியே 567 ஆகிவிடும், பெடல் கனக்காமலே. ஆனால் விலை கூடும், பெடலை மிதிக்கும்போது கடகடவென்று சத்தம் வரும், இரண்டு டிஸ்க்கும் சுத்தமாகப் பிரிய வேண்டும் என்பதால் பெடலின் வீச்சும் சரியாக அமைய வேண்டும். 330 டார்க் காருக்கு இது கொசுவுக்குப் பீரங்கி.

மீதி இருப்பவை அழுத்தமும் உராய்வும்.

அழுத்தத்தை மட்டும் கூட்டி 412-ஐ எட்ட சுமார் 7266 நியூட்டன் வேண்டும். 45 சதவீதம் அதிகம். பெடல் கனமும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு ஏறும். கால் வலிப்பதோடு விஷயம் முடிவதில்லை. அந்த விசை ரிலீஸ் பேரிங் வழியாகக் கிராங்க்கின் த்ரஸ்ட் பேரிங் மேல் போய் விழுகிறது. ஹைட்ராலிக் வண்டியில் மாஸ்டர் சிலிண்டரும் ஸ்லேவ் சிலிண்டரும் அதைத் தாங்க வேண்டும். ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்குள்ளேயே, இன்புட் ஷாஃப்டைச் சுற்றி, பிளாஸ்டிக் உடலோடு இருக்கும் கார்களில் முதலில் உயிரை விடுவது அதன் சீல்தான். அது போனால் கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டும். சிக்னலில் நியூட்ரல் போடாமல் பெடலை மிதித்தபடியே காத்திருக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது இரட்டிப்பு வேகத்தில் வரும்.

உராய்வை மட்டும் கூட்டினால்? 0.4 கெழு உள்ள செராமிக் டிஸ்க்கோடு, பழைய 5000 நியூட்டனிலேயே 378 கிடைக்கும். பெடலும் கனக்காது. ஆனால் அந்த உயர்ந்த உராய்வு மெதுவாகப் பிடிக்கத் தெரியாத உராய்வு.

நாங்கள் பரிந்துரைப்பது இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவதை. அழுத்தம் 30 சதவீதம் ஏறி 6500 நியூட்டன், கெழு 0.33 உள்ள சற்றே உயர்தர ஆர்கானிக் டிஸ்க். விடை 405. இலக்குக்கு ஒரு நூல் குறைவு, அவ்வளவுதான். பெடல் கொஞ்சம் கனக்கும், பிடிப்பது ஏறக்குறைய கம்பெனி கிளட்ச் மாதிரியே இருக்கும். ஐரோப்பியக் கம்பெனிகள் பல, பலப்படுத்திய பிரஷர் பிளேட்டையும் ஆர்கானிக் டிஸ்க்கையும் சேர்த்து விற்பது இந்தக் கணக்கில்தான்.

டிஸ்க்கின் பரப்பளவு இந்தக் கணக்கில் எங்கும் இல்லையே என்று தோன்றலாம். உண்மையிலேயே இல்லை. நான்கைந்து துண்டுகள் மட்டும் ஒட்டிய "பக்" டிஸ்க், முழு வளையத்தைவிடக் குறைந்த பரப்பில் அதிகம் பிடிப்பது அதனால்தான். பரப்பு தீர்மானிப்பது வேறொன்றை: சூட்டையும் தேய்மானத்தையும்.

டிஸ்க் எதனால் ஆனது

ஆர்கானிக் என்பது கண்ணாடி இழை, ரெசின், செம்பு அல்லது பித்தளைக் கம்பி கலந்த வழக்கமான பொருள். மென்மையாகப் பிடிக்கும், ஃப்ளைவீலைத் தின்னாது. சூடு எல்லை மீறினால் ரெசின் எரிந்து பிடி தளரும். லேசாகச் சூடேறியிருந்தால் ஆறியதும் பெரும்பாலும் மீண்டுவிடும். கெவ்லர் என்று விற்கப்படும் அராமிட் டிஸ்க் மென்மையானது, நீண்டகாலம் உழைப்பது. ஆனால் பழக்குவதற்கு நிறையப் பொறுமை வேண்டும், ஒருமுறை நன்றாகச் சூடேறி முகம் கண்ணாடி போல் மின்னத் தொடங்கிவிட்டால் பழைய பிடி திரும்பாது. செராமிக் என்று சொல்லப்படுவது உண்மையில் உலோகத் தூளும் பீங்கான் தூளும் சேர்த்துச் சுட்ட துண்டுகள். சூட்டுக்கு அஞ்சாது. ஃப்ளைவீல் முகத்தை அரிக்கும், பிடிக்கும்போது அதிரும். மூன்று துண்டு டிஸ்க் போட்டிப் பாதைக்கு மட்டும். ஆறு துண்டானால் வாரக் கடைசியில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டைப் பாதைக்கோ கோவையின் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கோ போகிறவர் சகித்துக்கொள்ளலாம். தினமும் ஓஎம்ஆரில் ஆபீஸ் போகிறவருக்குத் தலைவிதியா என்ன?

நடுவில் ஸ்பிரிங் இருக்கும் டிஸ்க்கையே வாங்குங்கள். அந்த ஸ்பிரிங்குகள் எஞ்சினின் துடிப்பைக் கியர்பாக்ஸுக்குப் போகவிடாமல் உறிஞ்சுகின்றன.

சூடு: கிளட்ச்சைக் கொல்வது பெரும்பாலும் ஹாஃப் கிளட்ச்

வழுக்கும் கிளட்ச்சில் எழும் சூடு, டார்க்கையும் சுழற்சி வேக வித்தியாசத்தையும் பெருக்கினால் வரும். 250 நியூட்டன் மீட்டரில் 1000 ஆர்பிஎம் வித்தியாசத்தோடு வழுக்கினால் சுமார் 26 கிலோவாட். இரண்டு கிலோவாட் கீசர் 13 சேர்ந்து ஒரு தட்டைச் சூடாக்குவதற்குச் சமம். ஐந்து நொடி ஸ்லிப்பே வாசனை கிளப்புவதில் வியப்பில்லை.

இன்னொரு கணக்கு இதைவிடச் சுவையானது. 1400 கிலோ எடையுள்ள காரைச் சமதளத்தில் முதல் கியரில் நகர்த்தி 20 கிலோமீட்டர் வேகத்துக்குள் கிளட்ச்சை முழுசாக விட்டால், ஒரு தடவைக்குச் சுமார் 22 கிலோஜூல் சூடு. அதே காரைப் பத்துக்கு ஒன்று ஏற்றத்தில் பிரேக் மிதிக்காமல் ஹாஃப் கிளட்ச்சிலேயே நிறுத்தி வைத்தால், 1200 ஆர்பிஎம்மில் ஏறத்தாழ 3.7 கிலோவாட். இரண்டு நிமிடத்தில் 440 கிலோஜூல், அதாவது இருபது தடவை வண்டியை நகர்த்திய சூடு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸுக்குப் பின்னால் இப்படி ஏறினால் எந்த ஸ்டேஜ் கிளட்ச்சும் தாங்காது. மலைப்பாதையில் அடிக்கடி போகிறவர் ஹேண்ட்பிரேக் போட்டு நகரப் பழகுவது புதுக் கிளட்ச்சைவிட மலிவு.

ஃப்ளைவீல் என்னும் சிக்கல்

இன்றைய டர்போ டீசல்கள் பலவற்றில் டூயல் மாஸ் ஃப்ளைவீல் இருக்கிறது: இரண்டு தட்டுகள், நடுவே வளைந்த நீண்ட ஸ்பிரிங்குகள். எஞ்சினின் துடிப்பை விழுங்கவே அந்த ஏற்பாடு. அந்த ஸ்பிரிங்குகளுக்கும் ஒரு டார்க் எல்லை உண்டு. ரீமேப் அதைத் தாண்டினால் ஸ்பிரிங் முழுக்க நசுங்கி இரும்போடு இரும்பு மோதும். எஞ்சினை அணைக்கும்போது கடகட சத்தம், ஐட்லிங்கில் உலோகச் சலசலப்பு, கையால் திருப்பினால் அளவுக்கு மீறிய ஆட்டம் எல்லாம் அது தேய்ந்ததன் அடையாளம். தேய்ந்த டூயல் மாஸின் மேல் புதுக் கிளட்ச் போடுவது பாதி வேலை.

அதைத் தூக்கிவிட்டு ஒற்றை ஃப்ளைவீல் கிட் போடலாம். அதிக டார்க் தாங்கும், லேத்தில் முகம் சீவிக்கொள்ளலாம், அடுத்தமுறை செலவு குறையும். விலையாகக் கொடுப்பது அமைதியை: ஐட்லிங்கில் கியர்பாக்ஸ் சலசலக்கும், குறைந்த ஆர்பிஎம்மில் இழுக்கும்போது அதிரும். எடை குறைத்த ஃப்ளைவீலை டீசலுக்குப் போடவே வேண்டாம். நகர நெரிசலில் நகரும்போதெல்லாம் எஞ்சின் நின்றுபோகும். 330 அளவு டார்க்குக்கு, நல்ல நிலையில் உள்ள டூயல் மாஸையே வைத்துக்கொண்டு அதற்குப் பொருந்தும் பிரஷர் பிளேட்டும் டிஸ்க்கும் வாங்குவதே எங்கள் தேர்வு.

கியர்பாக்ஸின் எல்லையையும் பாருங்கள். ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் மேனுவல் கியர்பாக்ஸ்களில் எம்க்யூ 200, எம்க்யூ 250, எம்க்யூ 350 என்று பெயரிலேயே அந்த எண் இருக்கிறது. கிளட்ச் ஒருவகையில் ஃபியூஸ். 600 தாங்கும் கிளட்ச் போட்டால், அடுத்து உடைவது கியர் பல்லோ டிரைவ் ஷாஃப்டோ.

பட்டறையில் கேட்க வேண்டியவை

கியர்பாக்ஸை இறக்குவதுதான் பெரிய செலவு. ஆகவே ரிலீஸ் பேரிங், உள்ளே இருக்கும் ஸ்லேவ் சிலிண்டர், பின்பக்க ஆயில் சீல் ஆகியவற்றையும் அதே வேலையில் மாற்றிவிடுங்கள். ஃப்ளைவீல் போல்ட்கள் ஒருமுறை முறுக்கியதும் நீளும் வகையாக இருந்தால் புதியவைதான் போட வேண்டும். ஒற்றை ஃப்ளைவீலின் முகத்தில் நீலப் புள்ளிகள் தெரிந்தால் சீவ வேண்டும். அந்த இடம் கெட்டிப்பட்டு, பின்னால் அதிர்வாக வரும்.

புது பிரஷர் பிளேட்டில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெயைப் பிரேக் கிளீனரால் கழுவுங்கள். டிஸ்க்கின் முகத்தைக் கிரீஸ் கையால் தொடக்கூடாது. இன்புட் ஷாஃப்டின் ஸ்பிளைனில் (டிஸ்க் கோர்க்கும் பல்வரிகளில்) கிரீஸ் ஒரு மெல்லிய பூச்சுதான். அப்பினால் சுழற்சியில் தெறித்து டிஸ்க்கில் படியும். டிஸ்க்கின் எந்தப் பக்கம் ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும் என்று அதிலேயே அச்சடித்திருக்கும், தலைகீழாகப் போட்டால் ஹப் ஃப்ளைவீல் போல்டில் உரசும். பிரஷர் பிளேட் போல்ட்களை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஏற்றும்போது கியர்பாக்ஸின் கனத்தை இன்புட் ஷாஃப்டில் தொங்கவிட்டால் டிஸ்க் வளையும். பிறகு "புது கிளட்ச்லயே கியர் விழ மாட்டேங்குது" என்ற புகார் வரும்போது கம்பெனியைத் திட்டுவார்கள். ஹைட்ராலிக் லைனில் காற்று நின்றாலும் அதே புகார்தான். முதலில் அதை எடுத்துப் பாருங்கள்.

பழக்கும் காலம்

ஆர்கானிக் டிஸ்க்குக்கு 500 முதல் 800 கிலோமீட்டர், நகர ஓட்டத்தில். முக்கியம் தூரம் அல்ல, எத்தனை தடவை பிடித்து விட்டது என்பது. சென்னையிலிருந்து மதுரைக்கு ஒரே ஓட்டமாக 460 கிலோமீட்டர் போனால் டோல்கேட்டுகளில்தான் கிளட்ச்சுக்கு வேலை, அது பழக்கியதாகாது. அந்த நாட்களில் ஒரிஜினல் மேப்பிலேயே ஓட்டுங்கள். முழு மிதி வேண்டாம், ஏற்றத்தில் ஹாஃப் கிளட்ச் வேண்டவே வேண்டாம். முகத்தின் மேடுகள் தேய்ந்து முழுப் பரப்பும் படிவதற்கு முன்பே சூடாக்கினால், பட்ட இடம் மட்டும் கருகி மெருகேறிவிடும், அதற்குப் பிறகு அந்த டிஸ்க் எழுதிய டார்க்கை எட்டாது.

பிறகு மேப்பைத் திரும்ப ஏற்றி, அதே சாலையில், டாப் கியரில், 1800 ஆர்பிஎம்மிலிருந்து அந்தச் சோதனையை மறுபடி செய்யுங்கள். முள்ளும் வேகமும் கைகோத்து ஏறினால் வேலை முடிந்தது. இன்னும் வழுக்கினால் இதைவிடப் பெரிய கிளட்ச்சைத் தேடாதீர்கள். கியர்பாக்ஸ் கூட்டின் அடியில் எண்ணெய்ச் சொட்டு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.